ஞானாம்பாளும் உங்கள் கையெழுத்தும்

அன்புள்ள தாத்தா,

நலமாக இருக்கிறேன். லண்டனில் இப்போது மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடுகிறது. குளிர் பழகிவிட்டது, அம்மாவிடம் சொல்லுங்கள். வகுப்பு முடிந்ததும் தனி அறைக்குப் போக மனம் வராமல் நூலகத்திலேயே உட்கார்ந்துவிடுகிறேன்.

போன வாரம் அங்கே தமிழ்ப் புத்தகங்கள் இருக்கும் அலமாரியைப் பார்த்தேன். அதில் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’, பழைய பதிப்பு. 1879இல் வந்தது, தமிழின் முதல் நாவல் என்று பள்ளியில் மனப்பாடம் செய்ததோடு சரி. இப்போதுதான் படிக்கிறேன்.

முதலில் கதாநாயகியின் பெயரிலேயே தடுக்கிவிட்டேன். ஞானாம்பாள் என்பதில் வரும் ‘னா’வுக்குத் துணைக்காலே இல்லை. ன-வின் வாலையே கீழே இழுத்துச் சுழித்திருக்கிறார்கள். அப்புறம் ‘லை’, ‘னை’ எல்லாம் தலையில் துதிக்கை வைத்துக்கொண்டு வந்தன. இரண்டு பக்கம் திணறினேன். மூன்றாம் பக்கத்தில்தான் உறைத்தது, இது உங்கள் கையெழுத்து!

எனக்கு ஒரு பழைய விஷயம் நினைவுக்கு வந்து தொண்டை அடைத்தது. ஐந்தாம் வகுப்பில் நீங்கள் எழுதிய கடிதத்தை வாங்கி, ‘வேலை’, ‘நாளை’ எல்லாம் தப்பு என்று சிவப்புப் பேனாவால் திருத்தினேனே. நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எனக்கு எழுதும்போது மட்டும் புது எழுத்தில் எழுதினீர்கள். பெரியார் 1935 முதல் தன் ‘குடிஅரசு’ இதழில் பயன்படுத்திய வடிவங்களை அரசு ஏற்றது 1978இல்தான். மாறியவை பதின்மூன்று எழுத்துகள். அதற்கு முன்பே படித்து முடித்தவர் நீங்கள். தப்பு உங்களுடையது இல்லை, தாத்தா. மன்னித்துவிடுங்கள்.

மாற்றம் நல்லதுதான், குழந்தைகளுக்குச் சுமை குறைந்தது. ஆனால் பழையதை வாசிக்கவாவது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கலாம்.

என் வகுப்புத் தோழி ‘ராபின்சன் குருசோ’வின் முதல் பதிப்பு நகலைப் படிக்கிறாள், 1719இல் அச்சானது. அதில் எஸ் எழுத்து பல இடங்களில் எஃப் போல நீண்டு நிற்கிறது. அவளும் என்னைப் போலத் திணறுகிறாள். ஆனால் அந்த எழுத்தைக் கையால் எழுதுகிற ஒருவரும் அவள் வீட்டில் இல்லை. எனக்கு நீங்கள் இருக்கிறீர்கள்.

கதை பாதி தாண்டிவிட்டது. பெண்களை ‘ஸ்திரீகள்’ என்றே எழுதுகிறார், ஆனால் ஞானாம்பாளின் புத்திக்கு முன்னால் பிரதாபன் எங்கே! ஆண் வேடத்தில் அரசாளவே வந்துவிட்டாள். இப்போது எழுத்து கண்ணில் படுவதில்லை, அவள்தான் தெரிகிறாள்.

ஒரு உதவி. ‘றா’வின் வாலை எந்தப் பக்கம் முடிப்பது என்று பிடிபடவில்லை. அடுத்த கடிதத்தைப் பழைய எழுத்திலேயே எழுதுங்கள். ‘றா’வை மட்டும் கொஞ்சம் பெரிதாக.

அன்புடன்,
உங்கள் பேத்தி