லேண்ட்லைனை எடுப்பதற்கு முன், அம்மணிக்கு

கோபி

அன்புள்ள அம்மணிக்கு,

தாராபுரத்துத் தோட்டத்து வீட்டு லேண்ட்லைனை எடுத்துவிட்டு ஃபைபர் ஃபோனுக்கு மாறினால் மிச்சமாகுமா என்று மாப்பிள்ளை கேட்டிருந்தார். ஆகும். ஆனால் மிச்சம் எதில் வருகிறது என்று தெரிந்துகொண்டு மாறுங்கள். இப்போது பழைய செம்புக் கம்பி லைனுக்கு ஒரு பில், கேபிள்காரர் இழுத்த நெட்டுக்கு ஒரு பில் கட்டுகிறீர்கள். ஃபைபரில் நெட்டும் பேச்சும் ஒரே கண்ணாடி இழையில் வருவதால் ஒரு பில் அடியோடு போய்விடும். நெட் இல்லாமல் பேச்சு மட்டும் போதும் என்கிற வீட்டுக்கு இது மிச்சமே இல்லை. அங்கே சிம் போடும் மேசை ஃபோன் ஒன்றை வாங்கி வைத்தால் முடிந்தது. விளம்பரத்தில் வரும் தொகைக்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. 499 என்று போட்டிருந்தால் பில் 588 ரூபாய் 82 காசு வரும். அதை வைத்துக் கணக்குப் போடு.

முதல் காரியம் எண். செல்போன் எண்ணைப் போல லேண்ட்லைன் எண்ணை வேறு கம்பெனிக்குத் தூக்கிக்கொண்டு போகிற வசதி நம் நாட்டில் இல்லை. 04258-ல் தொடங்கும் அந்த எண் வேண்டுமென்றால், இப்போது லைன் கொடுத்திருக்கும் பி.எஸ்.என்.எல்.லிலேயே ஃபைபருக்கு மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும். "அதே எண்ணோடு மாற்றம்" என்று தெளிவாக எழுது. பழைய லைனை முதலில் சரண்டர் செய்துவிட்டுப் புதுசு கேட்டால் எண் போய்விடும். வேறு கம்பெனிக்குத்தான் போவது என்றால், புது லைன் நன்றாக ஓடுவதைப் பார்த்த பிறகு பழையதை ஒப்படை. ஒப்படைத்ததற்குச் சீட்டு வாங்கி, டெபாசிட்டையும் கேட்டு வாங்கு. கேஸ் பதிவு, பேங்க், பால் சொசைட்டி, தேங்காய் வியாபாரி என்று அந்த எண் எங்கெங்கே கொடுத்திருக்கிறது என்று மாமாவிடம் ஒருக்கா கேட்டு எழுதி வைத்துக்கொள்.

வீட்டில் மாட்டுகிற பெட்டிக்குப் பெயர் ஓ.என்.டி. பின்னால் நெட் ஒயர் செருகும் அகலமான துளைகளும், பக்கத்தில் 'டெல்' அல்லது 'ஃபோன்' என்று எழுதிய சின்னத் துளையும் இருக்கும். பழைய ஃபோனின் ஒயர் இந்தச் சின்னத் துளைக்குத்தான் போகும். சாதா ஃபோனை நெட்டோடு சேர்க்க, கடையிலும் ஆன்லைனிலும் தனியாக ஏ.டி.ஏ. என்றொரு பெட்டி விற்கிறார்கள். அதற்கு, நெட் வழிப் பேச்சுக்கென்று கம்பெனி வைத்திருக்கும் எஸ்.ஐ.பி. கணக்கின் பெயரும் கடவுச்சொல்லும் வேண்டும். வீட்டு இணைப்புக்கு அவற்றைப் பொதுவாகக் கையில் கொடுப்பதில்லை, அதனால் வாங்கிப் போட்டால் காசு தண்டம்.

இனி சொல்வதை மாப்பிள்ளையிடம் படித்துக் காட்டு. ஆசாரத்தில் ஒரு ஃபோன், உள் அறையில் ஒரு ஃபோன் என்று வீட்டுக்குள் ஏற்கனவே ஒயர் ஓடுகிறது. அந்த ஒயரையே ஓ.என்.டி.யோடு சேர்த்தால் இரண்டு ஃபோனும் அடிக்கும். ஆனால் சேர்ப்பதற்கு முன், வெளியிலிருந்து வரும் செம்புக் கம்பி ஜோடியை, சுவரில் ஃபோன் ஒயர்கள் சேரும் ரொசெட் பெட்டியிலேயே கழற்றி, முனைகளைத் தனித்தனியாக டேப் சுற்றி ஒதுக்கிவிட வேண்டும். அந்தக் கம்பியில் எக்ஸ்சேஞ்சிலிருந்து 48 வோல்ட் நின்றுகொண்டிருக்கும், மணியடிக்கும்போது அதற்கும் மேலே ஏறும். அது ஓ.என்.டி.யின் ஃபோன் துளைக்குள் எதிர்ப்பக்கமாகப் புகுந்தால் அந்தப் பகுதி கருகிவிடும். லைன் செத்துவிட்டது என்று யார் சொன்னாலும் நம்பாமல் கழற்றச் சொல். ஒயர் பழசாகி ஈரம் ஏறியிருந்தால் கரகரப்பு இதிலும் வரும். அப்படியானால் கார்ட்லெஸ் ஃபோனின் அடிப்பெட்டியை நேராக ஓ.என்.டி.யில் செருகிவிட்டு, சுவர் ஒயரை மறந்துவிடலாம்.

பழைய சுழற்று டயல் ஃபோன் பெரும்பாலான பெட்டிகளில் வேலை செய்யாது. மணி அடிக்கும், எடுத்துப் பேசலாம், வெளியே கூப்பிட முடியாது. பட்டன் ஃபோனாக இருந்தால் அடியில் இருக்கும் 'டோன், பல்ஸ்' சுவிட்சை டோனில் வை. அப்புறம், லேண்ட்லைனிலிருந்து செல்லுக்குப் போடும்போது எண்ணுக்கு முன்னால் 0 வேண்டும். 2021 ஜனவரி 15 முதல் அப்படித்தான். அத்தை தன் நோட்டில் எழுதி வைத்திருக்கும் செல் எண்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு பூஜ்ஜியம் போட்டுக் கொடுத்துவிடு.

எல்லாவற்றையும் விடப் பெரிய வித்தியாசம் கரண்ட். செம்பு லைனுக்கு வேண்டிய மின்சாரம் எக்ஸ்சேஞ்ச் பேட்டரியிலிருந்து வந்தது, அதனால் ஊரே இருட்டானாலும் ஃபோன் பேசும். கண்ணாடி இழையில் கரண்ட் வராது. உங்கள் வீட்டில் கரண்ட் போனால் ஓ.என்.டி. அணையும், ஃபோனும் செத்துவிடும். இதற்கு 12 வோல்ட் மினி யு.பி.எஸ். என்று சின்ன பேட்டரிப் பெட்டி விற்கிறார்கள். பெட்டியோடு வந்த அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று பார்த்து அதற்குப் பொருந்துவதை வாங்கு. அட்டையில் 8800 எம்.ஏ.ஹெச். என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் பேட்டரி செல்லின் கணக்கு. 8.8 ஆம்பியர்-மணியை 3.7-ஆல் பெருக்கினால் 32 வாட்-மணி சொச்சம். ஓ.என்.டி. 8 வாட் இழுத்தால் தாளில் 4 மணி நேரம், வோல்ட்டை ஏற்றுவதில் ஆகும் சேதாரம் போக 3 மணி நேரத்துக்குச் சற்று மேலே நிற்கும். மாதாந்திரப் பராமரிப்புக்கென்று காலை 9 மணிக்கு நிறுத்தி மாலை 4 மணிக்குக் கொடுக்கிற நாளுக்கு இது பத்தாது.

ஆகவே வீட்டு இன்வெர்ட்டர் லைனில் ஒரு பிளக் பாயின்ட் எடுத்து, அதில் மினி யு.பி.எஸ்.ஸைச் செருகி, அதிலிருந்து ஓ.என்.டி.க்குக் கொடு. இன்வெர்ட்டர் மட்டும் போதாதா என்று தோன்றும். கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கும் அந்தக் கண்சிமிட்டலில் சில பெட்டிகள் அணைந்து மறுபடி தொடங்கும். லைன் திரும்பி வர இரண்டு மூன்று நிமிடம் ஆகும், பேசிக்கொண்டிருந்த அழைப்பும் அறுந்துவிடும். நடுவில் மினி யு.பி.எஸ். இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. கார்ட்லெஸ் ஃபோனின் அடிப்பெட்டிக்கும் தனியாகக் கரண்ட் வேண்டும். அதனால் ஒயர் ஃபோன் ஒன்று கட்டாயம் வீட்டில் இருக்கட்டும்.

இத்தனை செய்தும் கம்பெனியின் உள்ளூர் நிலையத்தில் பேட்டரி செத்திருந்தால் உன் ஃபோனும் சாகும். லைன் வாங்கும் முன் அக்கம்பக்கத்துத் தோட்டத்துக்காரர்களிடம், கரண்ட் இல்லாத நேரத்தில் நெட் நிற்கிறதா என்று விசாரி. மாமாவுக்கு 108-ஐக் கூப்பிட வேண்டிய நிலை வந்தால் இதை மட்டும் நம்ப முடியாது. சார்ஜ் ஏற்றிய பட்டன் செல் ஒன்று ஃபோன் பக்கத்திலேயே கிடக்கட்டும்.

இழை தென்னந்தோப்பு வழியாக வருவதால் மட்டை விழுந்து அறுக்கும், அணில் கடிக்கும். பெட்டியில் 'எல்.ஓ.எஸ்.' விளக்கு சிவப்பாக எரிந்தால் இழையில்தான் கோளாறு, ஃபோனைக் கழற்றிப் பார்த்துப் பிரயோசனமில்லை. 'பான்' விளக்கு பச்சையாக நின்றும் டயல் டோன் இல்லையென்றால் குரல் சேவை பதிவாகவில்லை என்று அர்த்தம். ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார், அதற்கும் வராவிட்டால் புகார் எழுதும்போது "நெட் இருக்கிறது, குரல் இல்லை" என்றே சொல். இழையைச் சுவர் மூலையில் மடக்கி ஆணி அடிக்க விடாதே. வளைவு தேநீர் டம்ளர் வாய் அளவுக்காவது அகலமாக இருக்க வேண்டும்.

ரொசெட்டில் கை வைக்கும் முன் அதன் மூடியைத் திறந்து ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. எந்த ஜோடி வெளியிலிருந்து வருகிறது, எது வீட்டுக்குள் போகிறது என்று படத்திலேயே குறித்து அனுப்புகிறேன். மாமாவையும் அத்தையையும் கேட்டதாகச் சொல்.

அப்பா