கல்யாணத்தோடு நிறுத்திவிட்ட சித்திக்கு

அன்புள்ள சித்தி,

"ஜிம்முக்கும் பாமுக்கும் கல்யாணம் ஆயிடுச்சு. இனிமே அதுல என்ன இருக்கு? நிறுத்திட்டேன்" என்று 'தி ஆபிஸ்' என்கிற அமெரிக்கக் காமெடித் தொடரைப் பற்றிக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தீர்கள். சித்தப்பா உட்பட பலரும் அதற்குக் கட்டைவிரலைத் தூக்கியிருக்கிறார்கள். அங்கேயே பதில் எழுதலாம்தான். ஆனால் நடுவில் யாராவது ரோஜாப்பூ போட்ட குட்மார்னிங் படத்தை அனுப்பிப் பேச்சைக் கெடுத்துவிடுவார்கள். அதனால் நாலு பேர் படிக்கிற இடத்தில், சாவகாசமாக உங்களோடு சண்டை போட உட்கார்ந்திருக்கிறேன்.

காமெடித் தொடர்களில் ஜோடி பார்க்கிற பைத்தியம் எனக்கு உங்களிடமிருந்துதான் தொற்றியது. ஜோக் சொல்பவனை விட்டுவிட்டு, ஓரமாகப் பேசாமல் நிற்பவன் யாரைப் பார்க்கிறான் என்று கவனிக்கக் கற்றுக்கொடுத்ததே நீங்கள்தான். மற்றவர்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போது "அவன் மூஞ்சியப் பாருடி" என்று என் கையைக் கிள்ளுவீர்கள். அப்படிப்பட்டவர், மோதிரம் மாற்றியதும் டிவியை அணைத்தால் எப்படி?

நீங்கள் சொல்வது உங்கள் சொந்தக் கருத்துகூட இல்லை சித்தி. ஜோடி சேர்ந்தால் தொடர் படுத்துவிடும் என்பது அமெரிக்க டிவிக்காரர்கள் வெகுகாலமாகச் சொல்லிவரும் சாக்கு. அதற்கு 'மூன்லைட்டிங் சாபம்' என்று ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். 'மூன்லைட்டிங்' 1985-ல் ஏபிசி சேனலில் தொடங்கியது. ப்ரூஸ் வில்லிஸும் சிபில் ஷெப்பர்டும் ஒரு துப்பறியும் நிறுவனம் நடத்துவார்கள். துப்பறிந்ததைவிட வாய்ச்சண்டை போட்டதுதான் அதிகம். 1987 மார்ச்சில் இருவரும் ஒருவழியாகச் சேர்ந்தார்கள். அதற்கப்புறம் தொடர் சரிந்தது, 1989-ல் மூடிவிட்டார்கள். சேர்த்துவைத்ததால்தான் செத்தது என்று ஊரே பேசியது.

உண்மையில் நடந்ததைக் கேளுங்கள். ஷெப்பர்டுக்கு வயிற்றில் இரட்டைக் குழந்தை. வில்லிஸ் 'டை ஹார்ட்' படப்பிடிப்புக்குப் போய்விட்டார். இரண்டு பேரையும் ஒரே அறையில் நிறுத்திப் படம்பிடிக்கவே வழியில்லாமல் எபிசோடுகளை ஓட்டினார்கள். தொடரை உருவாக்கிய க்ளென் கார்டன் கேரன் இடையில் விலகினார். 1988-ல் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் வேறு. ஜோடி சேர்ந்ததால் கெட்டதா, சேர்ந்த ஜோடியைத் திரையில் காட்டாததால் கெட்டதா? பழி மட்டும் காதல் தலையில் விழுந்தது.

'சியர்ஸ்' தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்டன் நகரத்து மதுக்கடை ஒன்றில் நடப்பது. கடைக்காரன் சாமும், படிப்பாளித் திமிர் பிடித்த டயானும் முதல் சீசன் முடிவிலேயே, 1983-ல், திட்டிக்கொண்டே முத்தமிட்டார்கள். அப்புறம் பிரிவதும் சேர்வதுமாக ஓடியது. 1987-ல் டயானாக நடித்த ஷெல்லி லாங் தொடரைவிட்டே போய்விட்டார். அதோடு கடையை மூடினார்களா? 1993 வரை ஓடியது. நடுவில் 1990-91 சீசனில் அமெரிக்காவிலேயே அதிகம் பேர் பார்த்த தொடரும் அதுதான். சாபம் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

பிறகு ஏன் இழுத்தடிக்கிறார்கள் என்றால், அதற்குக் காரணம் கணக்கு வழக்கு. இந்தத் தொடர்கள் வந்த காலத்தில் ஒரு சீசனுக்கு இருபத்திரண்டு, இருபத்திநான்கு எபிசோடு நிரப்பியாக வேண்டும். பிப்ரவரி, மே, ஜூலை, நவம்பர் மாதங்களில் எந்த நிகழ்ச்சியை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று விரிவாகக் கணக்கெடுப்பார்கள். உள்ளூர் நிலையங்கள் விளம்பரக் கட்டணம் பேசியதே அந்த எண்களை வைத்துத்தான். சீசன் முடிவதும் மே மாதம். ஆக, முத்தம், மோதிரம், மணமேடையிலிருந்து ஓடிப்போவது எல்லாம் மே மாதத்தில் வந்து குவியும். 'ஃப்ரெண்ட்ஸ்' தொடரில் மோனிகாவும் சாண்ட்லரும் லண்டனில் சேர்ந்தது 1998 மே. அவர்கள் நிச்சயம் செய்துகொண்டது 2000 மே. 'ஃப்ரேஸியர்' தொடரில் டாஃப்னி தன் கல்யாணத்திலிருந்து நைல்ஸோடு கிளம்பிப் போனதும் அதே 2000 மே. ஜிம் பாமை முதன்முதலில் உணர்ச்சியோடு முத்தமிட்டது 2006 மே. நம்மூர் வைகாசி முகூர்த்தம்கூட இவ்வளவு நெரிசலாக இருக்காது.

இந்தக் கணக்கு இல்லாத இடத்தில் காதல் எப்படி இருக்கும் என்று பார்க்க, நீங்கள் பார்த்த 'தி ஆபிஸ்'ஸுக்கு மூலமான பிரிட்டிஷ் தொடருக்குப் போக வேண்டும். 2001-ல் தொடங்கி 2003 கிறிஸ்துமஸ் சிறப்பு நிகழ்ச்சியோடு முடிந்தது. மொத்தமே பதினான்கு எபிசோடு. ஓர் ஆபிஸை ஆவணப்படம் எடுப்பதுபோல அமைத்த தொடர். அதிலே ஜிம்முக்குப் பதில் டிம், பாமுக்குப் பதில் டான்.

இரண்டாம் சீசனின் கடைசி எபிசோடில் ஒரு காட்சி. டிம் காமிராவிடம் பேசிக்கொண்டிருக்கிறான். டான் விஷயத்தில் தான் செய்தது சரிதான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு வருபவன், பாதியில் எழுந்துவிடுகிறான். விறுவிறுவென்று நடந்து போய் டானைத் தனியறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்துகிறான். சட்டையில் மாட்டியிருந்த மைக்கைப் பிடுங்கிவிடுகிறான். நமக்குச் சத்தமே கிடையாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் நிற்பது மட்டும் தெரிகிறது. பிறகு வெளியே வந்து, தன் இடத்தில் உட்கார்ந்து, மைக்கைத் திரும்ப மாட்டிக்கொண்டு, ஏதோ ஆபிஸ் தகவல் சொல்வதுபோல, அவள் மாட்டேன் என்று சொல்லிவிட்டதாகச் சொல்கிறான். அவ்வளவுதான். ஆவணப்படம் எடுக்கிறவர்களிடமிருந்தே ஒளித்துவைக்க வேண்டிய ஒரு விஷயம் அவனுக்கு இருக்கிறது என்பதை அந்த மைக் சொல்லிவிடுகிறது. வசனம் எழுதியிருந்தால் இதில் பாதிகூடத் தேறியிருக்காது.

கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில் டான் தன் காதலனோடு டாக்ஸியில் போகும்போது, டிம் கொடுத்த பரிசைப் பிரிக்கிறாள். உள்ளே ஓவியம் வரையும் வண்ணங்கள், கூடவே விட்டுவிடாதே என்று ஒரு குறிப்பு. படம் வரைய வேண்டும் என்ற அவள் ஆசையை அந்தக் காதலன் ஒருநாளும் மதித்ததில்லை. திரும்பி வருகிறாள். அதோடு தொடரே முடிந்துவிடுகிறது. இதையும் நீங்கள் பார்க்க வேண்டும், ஆனால் கைக்குட்டையோடு உட்காருங்கள்.

இப்போது உங்கள் செல்லப்பிள்ளை ரோஸ் விஷயத்துக்கு வருகிறேன். 'ஃப்ரெண்ட்ஸ்' என்றாலே உலகத்துக்கு ரோஸ்-ரேச்சல்தான். பத்து சீசன் இழுத்தார்கள். என் கட்சி வேறு. அந்தத் தொடரின் உண்மையான ஜோடி மோனிகாவும் சாண்ட்லரும். ரோஸும் ரேச்சலும் சேர்ந்திருக்கும்போது தொடர் கனத்துவிடும். யார் மேல் தப்பு என்ற பஞ்சாயத்திலேயே எபிசோடு போய்விடும். மோனிகாவும் சாண்ட்லரும் சேர்ந்த பிறகுதான் தொடருக்குப் புது ரத்தம் வந்தது.

அதுவும் திட்டம் போட்டுச் செய்ததில்லை. லண்டன் எபிசோடில் சாண்ட்லர் படுக்கையில் இருக்க, போர்வைக்குள்ளிருந்து மோனிகா தலையை நீட்டுவாள். அங்கே ரசிகர்கள் முன்னால் படம்பிடித்தபோது எழுந்த கூச்சலில் நடிகர்கள் அடுத்த வசனத்துக்குக் காத்து நிற்க வேண்டியதாயிற்று. ஓர் இரவுச் சமாசாரமாக யோசித்து வைத்திருந்ததை எழுத்தாளர்கள் அதற்கப்புறம்தான் நீட்டினார்கள். அன்றைக்கு அரங்கில் கத்திய முகம் தெரியாத ஜனங்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

அதன் பலன் 1999 பிப்ரவரியில் வந்த எபிசோடு. இருவரும் ரகசியமாகப் பழகுகிறார்கள். நண்பன் ஜோயிக்குத் தெரியும், ரேச்சலுக்கும் தெரியும். எதிர்வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்து இன்னொரு தோழி ஃபீபிக்கும் தெரிந்துவிடுகிறது. சீண்டிப் பார்க்க, ஃபீபி சாண்ட்லர் மேல் ஆசைப்படுவதுபோல நடிக்கிறாள். இது நடிப்பு என்று சாண்ட்லரும் மோனிகாவும் கண்டுபிடித்து, பதிலுக்கு நடிக்கிறார்கள். கடைசியில் மோனிகா குளியலறையில் ஒளிந்திருக்க, ஜோயியும் ரேச்சலும் வாசலில் நிற்க, ஃபீபியும் சாண்ட்லரும் யார் முதலில் பின்வாங்குவது என்று ஒருவரையொருவர் நெருங்குகிறார்கள். இரண்டு பேர் முகத்திலும் பயம். கையை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. சாண்ட்லரால் முடியவில்லை. மோனிகாவைக் காதலிக்கிறேன் என்று கத்திவிடுகிறான். நவம்பரில் வாய்தவறி இதையே சொல்லிவிட்டு, சொல்லவே இல்லை என்று சாதித்தவன் அவன். இப்போது குளியலறைக் கதவு திறக்கிறது, அவள் முகத்தைப் பார்த்து இன்னொரு முறை சொல்கிறான்.

அந்த எபிசோடில் ஜோக்கை எடுத்துவிட்டால் காதல் வெளியே வந்திருக்காது. காதலை எடுத்துவிட்டால் ஜோக்குக்கு ஆதாரமே கிடையாது. இரண்டையும் பிரித்து எடுக்க முடிந்தால் எடுத்துக் காட்டுங்கள், நான் தோற்றேன் என்று எழுதித் தருகிறேன். 2001-ல் அவர்களுக்குக் கல்யாணமும் ஆகி, அதற்குப்பிறகு மூன்று சீசன் ஓடியது. மோனிகாவின் சுத்தப் பைத்தியத்தோடு சாண்ட்லர் குடித்தனம் நடத்துவதில் குறைந்தா போயிற்று சிரிப்பு?

உங்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். 'ஃப்ரேஸியர்' தொடரில் நைல்ஸ் டாஃப்னிக்காக 1993-லிருந்து ஏழு சீசன் காத்திருந்தான். டாஃப்னி மான்செஸ்டர்க்காரி, அவன் அப்பாவுக்கு உடற்பயிற்சி சிகிச்சை கொடுக்க அவன் அண்ணன் ஃப்ரேஸியர் வீட்டோடு தங்கியிருப்பவள். மூன்றாம் சீசனில் இருவரும் ஒரு விருந்தில் டாங்கோ ஆடுகிறார்கள். ஆடிக்கொண்டே உன்னை ஆராதிக்கிறேன் என்கிறான், அவளும் அப்படியே சொல்கிறாள். அவனுக்குக் கால் தரையில் இல்லை. ஆட்டம் முடிந்ததும்தான் தெரிகிறது, ஊர்வாயை அடைக்க அவன் நடிக்கிறான் என்று நினைத்து அவளும் கூடச் சேர்ந்து நடித்திருக்கிறாள். அப்போது நைல்ஸாக நடித்த டேவிட் ஹைட் பியர்ஸின் முகத்தில் சிரிப்பு மாறுவதில்லை, கண் மட்டும் அணைந்துபோகும். கிள்ளுவதற்கு நீங்கள் பக்கத்தில் இல்லையே என்று இருந்தது.

அப்படிக் காத்துச் சேர்ந்த ஜோடியை எட்டாவது சீசனில் சொதப்பினார்கள். டாஃப்னியாக நடித்த ஜேன் லீவ்ஸ் அப்போது கர்ப்பம். அதை மறைக்க, டாஃப்னி மனக்குழப்பத்தில் தின்று தின்று குண்டாகிவிட்டாள் என்று கதை கட்டினார்கள். குண்டு ஜோக்குகளாக அடுக்கினார்கள். அது கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அங்கேயும் கெட்டது எழுத்து. வெளியிலிருந்து ஒரு தொந்தரவைக் கொண்டுவந்து ஜோடி மேல் ஒட்டினால் ஒட்டாது. 'தி ஆபிஸ்' கடைசி சீசனில் ஜிம் வேறு ஊரில் தொழில் தொடங்கி, வீட்டில் மனக்கசப்பு வருகிற பகுதி உண்மையாக இருக்கும். ஆவணப்படக் குழுவில் மைக் பிடிக்கிற ஆளை பாமுக்கு ஆறுதலாக நுழைத்த பகுதி ஒட்டாது. அவன் வருகிற இடத்தை ஓட்டிவிடுங்கள், கதைக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

சரி, நீங்கள் நிறுத்திய இடத்துக்கு வருவோம். நயாகரா கல்யாணம், 2009 அக்டோபர். பாமின் முக்காடு கிழிந்து அழும்போது, ஜிம் கத்தரிக்கோலால் தன் டையைப் பாதியாக வெட்டிக்கொண்டு நிற்பானே, அதை எத்தனை தடவை பார்த்தீர்கள் என்று எனக்குத் தெரியும். அதே சீசனில் கொஞ்சம் தள்ளி, 2010 மார்ச்சில் குழந்தை பிறக்கிற எபிசோடு வருகிறது. பாமுக்கு வலி எடுத்துவிடுகிறது. ஆனால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப மாட்டேன் என்கிறாள். ஏன்? இன்ஷூரன்ஸில் இரண்டு ராத்திரிதான் தங்கலாம். நள்ளிரவு தாண்டிச் சேர்ந்தால் ஒரு ராத்திரி சேர்த்துக் கிடைக்கும். ஆபிஸ் முழுக்க அவள் கவனத்தைத் திருப்பக் கூத்தடிக்கிறது, ஜிம்முக்கு உயிர் போய் உயிர் வருகிறது, அவள் கடிகாரத்தைப் பார்க்கிறாள். சித்தி, பில்லைப் பார்த்துவிட்டுத்தான் வலியைப் பார்ப்பேன் என்கிற இந்தப் பெண்ணை நீங்கள் சந்திக்காமலே விட்டுவிடுவீர்களா? இன்னும் இருக்கிறது. ஆஸ்பத்திரி இருட்டில், தூக்கக் கலக்கத்தில், பக்கத்துக் கட்டில்காரியின் குழந்தைக்குப் பாம் பால் கொடுத்துவிடுகிறாள். இதற்கு நடுவில், அவர்கள் வீட்டிலிருந்து ஒரு பொருளை எடுத்துவரப் போன, கூட வேலை பார்க்கும் ட்வைட், சமையலறையில் பூஞ்சணம் பிடித்திருப்பதைக் கண்டு மொத்தத்தையும் இடித்துப் போட்டிருப்பான்.

முதலிரண்டு சீசனில் அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்போது இரண்டு பேரும் சேர்ந்து ஒரே பக்கம் பார்க்கிறார்கள், அந்தப் பக்கத்தில் ட்வைட் ஏதாவது செய்துகொண்டிருப்பான். எனக்கு அதுதான் கூடுதலாகப் பிடிக்கிறது.

அதை முடித்ததும் 'பார்க்ஸ் அண்ட் ரிக்ரியேஷன்' ஆரம்பியுங்கள். லெஸ்லி நகராட்சிப் பூங்காத் துறையில் வேலை பார்ப்பவள், பென் பட்ஜெட்டை வெட்ட மாநில அரசு அனுப்பிய ஆள். எதிரியாக வந்தவன், அவள் வேலைவெறியை வேறு யாரையும்விடச் சரியாகப் புரிந்துகொள்கிறான். 2013 பிப்ரவரியில் கல்யாணம், 2015 வரை தொடர். கல்யாணத்துக்கப்புறமும் இரண்டு பேரும் கோப்புகளையும் தேர்தலையும் பற்றிப் பேசித்தான் கொஞ்சிக்கொள்வார்கள். பென் வருவது இரண்டாம் சீசன் கடைசியில். முதல் சீசன் ஆறே எபிசோடு, தாண்டிவிடுங்கள். நான் சொன்னதாக வெளியே சொல்ல வேண்டாம்.

ரோஸைப் பற்றி எழுதியதற்கு என்னைத் திட்ட வேண்டுமென்றால் போன் செய்து திட்டுங்கள். குரூப்பில் போட்டால் அம்மாவும் உங்கள் பக்கம் சேர்ந்துகொள்வாள்.

இப்படிக்கு,
உங்களால் கெட்டுப்போன அக்கா மகள்