அது ஆவி இல்ல சார், ஒட்டடை

ஆசிரியருக்கு வணக்கம்,

இன்ஃப்ராரெட் (கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்) போட்டோல வெள்ளையா ஒரு உருவம், அது ஆவின்னு ஞாயித்துக்கிழமை நீங்க போட்ட செய்திய படிச்சேன். எங்க வீட்டு சிசிடிவிலயும் ராத்திரி ரெண்டு மணிக்கு புகை மாதிரி ஒண்ணு வாசல்ல ஆடிக்கிட்டே வந்துச்சு, காலைல ரெக்கார்டிங் பாத்ததும் அம்மா எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வந்துட்டாங்க, நான் ஸ்டூல் போட்டு ஏறி பாத்தா லென்ஸுக்கு முன்னாடி ஒத்த இழை ஒட்டடை. கேமராவ சுத்தி இருக்கற எல்ஈடி 850 நானோமீட்டர் அலைநீளத்துல இன்ஃப்ராரெட் வெளிச்சம் அடிக்குது, நம்ம கண்ணுக்கு கிட்டத்தட்ட 700க்கு மேல தெரியாது, ஆனா லென்ஸ் பக்கத்துல இருக்கற நூலோ கொசுவோ ஃபோகஸ் ஆகாம பளபளன்னு ஊதிப்போய் தெரியும்.

ஃபிலிம் காலத்துலயும் இந்தக் கூத்து உண்டு. இன்ஃப்ராரெட் படம் எடுக்கற கோடாக் ஹெச்ஐஇ ஃபிலிம்ல வெளிச்சம் பின்பக்கம் பட்டு திரும்புறத தடுக்கற பூச்சு கிடையாது, அதனால பளிச்சுன்னு இருக்கறத சுத்தி ஒளிவட்டம் வந்துடும். 1910ல அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் வெளியிட்ட இன்ஃப்ராரெட் படங்கள்லயே மரமெல்லாம் பனி கொட்டின மாதிரி வெள்ளையா இருக்கும், இலை இன்ஃப்ராரெட்ட அப்படியே திருப்பி அடிக்கறதால. சில கறுப்பு சட்டை கூட வெளுத்து வரும், சாயத்த பொறுத்தது.

அடுத்த தடவை லென்ஸ தொடச்சாங்களான்னு கேட்டுட்டு போடுங்க சார். அம்மா கட்டின எலுமிச்சம்பழம் இன்னும் கேமராவுக்கு கீழதான் தொங்குது.

இப்படிக்கு,
உங்க பழைய வாசகர்