எரர் கோடு தீர்ப்பு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எலக்ட்ரானிக்ஸ் வந்துதான் டீசல் என்ஜின் கெட்டது என்று சென்ற இதழ்க் கட்டுரை சொல்கிறது. டீசல் பம்ப் சர்வீஸ் தொழிலில் இருப்பவன் என்பதால் படித்துவிட்டு சும்மா இருக்க முடியவில்லை.

எலக்ட்ரானிக்ஸ் இல்லாத பழைய இன்லைன் பம்ப் நல்ல உழைப்பாளி, மறுக்கவில்லை. ஆனால் அதில் வேகம் குறைந்தால் பீய்ச்சும் அழுத்தமும் குறையும். பாரத்தோடு மேடு ஏறும்போது டீசல் சரியாகத் தூளாகாமல் கரும்புகையாகக் கக்கும். 1995-இல் டென்சோ நிறுவனம் மூலம் லாரிகளிலும், 1997-இல் ஆல்ஃபா ரோமியோ 156 காரிலும் வந்த காமன் ரெயில் இதைத்தான் மாற்றியது. ரெயில் என்ற பொதுக் குழாயில் டீசலை அழுத்தத்தோடு தேக்கி வைப்பதோடு பம்பின் வேலை முடிந்தது. டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதெல்லாம் இ.சி.யு. என்ற என்ஜின் கணினியின் பொறுப்பு. நிமிடத்துக்கு 2000 சுற்று ஓடும் என்ஜினில் கிராங்க் (என்ஜினின் சுழலும் தண்டு) 1 டிகிரி திரும்ப, ஒரு நொடியை 12,000 பங்கு போட்டால் அதில் ஒரு பங்குதான் ஆகும். அந்த நுணுக்கத்தில், மெயின் இன்ஜெக்‌ஷனுக்குச் சற்று முன்பே கொஞ்சூண்டு டீசலை விட்டு எரிய வைப்பதால்தான் பழைய 'டக டக' சத்தம் அடங்கியது. ஒரே ஸ்ட்ரோக்கில் இப்படிப் பலமுறை பீய்ச்சும் வேலை பழைய பம்பின் சுழலும் எடைகளாலும் ஸ்பிரிங்காலும் ஆகாது.

சரி, அப்புறம் ஏன் இத்தனை பழுது? பெரும்பாலும் டீசலில் கலந்த தண்ணீரும் தூசியும்தான் காரணம். 2000 பாருக்கு (காற்றழுத்தத்தைப் போல சுமார் 2000 மடங்கு) மேல்கூட வேலை செய்யும் இன்ஜெக்டருக்குள் கண்ணுக்குத் தெரியாத துகள்கூட அரம் போல அராவும். அடுத்த காரணம் நாங்கள்தான், அதாவது மெக்கானிக்குகள். வண்டியின் கோளாறைப் படிக்கும் ஸ்கேனரில் பி 0087 என்ற எரர் கோடு வருகிறது. ரெயில் அழுத்தம் குறைவு என்பதுதான் அதற்கு அர்த்தம். ஃபில்டர் அடைத்திருக்கலாம், லைனில் காற்று புகுந்திருக்கலாம், இன்ஜெக்டரிலிருந்து டேங்குக்குத் திரும்பும் டீசல் (ரிட்டர்ன்) அதிகமாகப் போகலாம், பம்பே தேய்ந்திருக்கலாம். இதில் ஒன்றையும் பார்க்காமல் முதலில் சென்சாரை மாற்றுகிறார்கள். பிறகு இ.சி.யு.வைக் கழற்றுகிறார்கள். ரிட்டர்ன் குழாய்களில் பாட்டில் மாட்டி அளந்து பார்த்தாலே பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

கட்டுரையாளர் கோபப்பட வேண்டிய இடம் வேறு. பல வண்டிகளில் இன்ஜெக்டரை மாற்றினால் அதன் மேல் பொறித்திருக்கும் திருத்தக் குறியீட்டை இ.சி.யு.வில் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் டீசல் அளவு பிசகி, வண்டி நிற்கும்போது ஓடும் என்ஜின் (ஐடிலிங்) ஆட்டம் போடலாம். அதை ஏற்றும் மென்பொருளைச் சில நிறுவனங்கள் வெளிப் பட்டறைகளுக்குத் தருவதே இல்லை. மூடி வைத்த மென்பொருளுக்குள் என்னவெல்லாம் ஒளிந்திருக்கும் என்று 2015-இல் ஃபோக்ஸ்வாகன் விவகாரத்தில் உலகமே பார்த்தது. புகைச் சோதனையின்போது மட்டும் நைட்ரஜன் ஆக்சைடை அடக்கி வாசிக்கும்படி எழுதியிருந்தார்கள். வாங்கிய வண்டியைப் பழுது பார்க்கும் உரிமையைப் பற்றி உங்கள் இதழ் ஒரு கட்டுரை போட்டால் நன்றாக இருக்கும்.

அதில் ஓர் எச்சரிக்கையையும் சேர்த்துவிடுங்கள். எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க, ஓடும் என்ஜினில் இன்ஜெக்டருக்குப் போகும் பைப் நட்டைத் தளர்த்துவது பழைய பம்ப் காலத்துப் பழக்கம். காமன் ரெயிலில் அதைச் செய்யவே கூடாது. அந்த அழுத்தத்தில் தெறிக்கும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும் என்றாலும் உடனே மருத்துவமனைக்குப் போயாக வேண்டும்.

இப்படிக்கு,
பம்ப் சர்வீஸ் தொழிலில் உள்ள ஒரு வாசகர்