எட்டாம் வகுப்புப் பெற்றோருக்கு: பிள்ளைகள் வடிவமைக்கப்போகும் கற்பனைப் பூங்கா

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அடுத்த ஆறு வாரங்களில் ஒரு கற்பனைத் தீம் பார்க்கை வடிவமைக்கப் போகிறார்கள். நாலைந்து பேர் சேர்ந்த ஒவ்வொரு குழுவும் ஓர் அனிமேஷன் படத்தை எடுத்துக்கொண்டு, அந்தப் படத்தின் உலகத்தை மனிதர்கள் உள்ளே போய் நடக்கக்கூடிய இடமாக மாற்ற வேண்டும். முதலில் வரைபடம், அப்புறம் அட்டையில் சிறு மாதிரி. எல்லாக் குழுக்களின் இடங்களும் கடைசியில் ஒரே பூங்காவாகச் சேரும். கணக்கு, அறிவியல், தமிழ், ஓவிய ஆசிரியர்கள் நால்வரும் சேர்ந்து நடத்துகிறார்கள். வளரறி மதிப்பீட்டில் இதுவும் ஒரு செயல்பாடாகக் கணக்கில் வரும்.

பாடம் நடத்தும் நேரத்தில் கார்ட்டூன் எதற்கு என்று பெற்றோர் சிலர் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. அதற்கு விரிவாகவே பதில் சொல்ல நினைத்துத்தான் இந்தக் கடிதம்.

பிள்ளைகள் படம் பார்க்கும்போது எல்லாமே அவர்களுக்காகத் தயாராக வந்து சேர்கிறது. எங்கே பார்க்க வேண்டும், எப்போது சிரிக்க வேண்டும் என்பதையெல்லாம் எடுத்தவர்கள் முன்பே முடிவு செய்துவிட்டார்கள். அதே உலகத்தை ஓர் இடமாகக் கட்டு என்று சொல்லிப் பாருங்கள், வேலை தலைகீழாகிவிடும். வருகிறவர் எந்தப் பக்கம் திரும்புவார்? குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருபவர் எங்கே உட்காருவார்? கண் தெரியாதவருக்கு இங்கே என்ன இருக்கிறது? இதையெல்லாம் இப்போது பிள்ளைகள் யோசித்தாக வேண்டும். முன்பின் பார்த்திராத ஒருவருக்காக அக்கறையோடு திட்டம் போடுவதை அவர்கள் பழக வேண்டும் என்பதுதான் என் ஆசை. கணக்கும் அறிவியலும் அந்த அக்கறைக்குத் துணையாக வரும்.

ஓர் உண்மைக் கதையைச் சொல்கிறேன். அனிமேஷன் படங்கள் எடுத்த வால்ட் டிஸ்னி 1955-இல் அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் அனஹைம் நகரில் டிஸ்னிலேண்ட் என்ற தீம் பார்க்கைத் திறந்தபோது, 1937-இல் வந்த தன்னுடைய ஸ்னோ ஒயிட் படத்தை வைத்து ஒரு சவாரி அமைத்திருந்தார். இருட்டுக்குள் சின்ன வண்டியில் போகும் சவாரி. வண்டியில் ஏறுகிறவர்தான் படத்தின் கதாநாயகி ஸ்னோ ஒயிட் என்பது வடிவமைத்தவர்களின் எண்ணம். காட்டில் பயந்து ஓடுவது நாம், சூனியக்காரி ஆப்பிளை நீட்டுவதும் நம்மிடம்தான். அதனால் ஸ்னோ ஒயிட்டின் பொம்மையை உள்ளே வைக்கவே இல்லை. அருமையான யோசனைதான், ஆனால் வந்தவர்களில் பலருக்கு அது போய்ச் சேரவில்லை. ஸ்னோ ஒயிட் எங்கே என்று கேட்டார்கள். 1983-இல் அந்தச் சவாரியை மாற்றி அமைத்தபோது அவளையும் உள்ளே கொண்டுவந்து வைத்தார்கள்.

எங்கள் முதல் வார வேலை இந்தக் கதையிலிருந்துதான் தொடங்கும். உங்கள் இடத்துக்குள் வருகிறவர் யார் என்பதைக் குழு முதலில் ஒரே வரியில் எழுத வேண்டும். கதாநாயகனா, அவனுடைய நண்பனா, அந்த ஊருக்குப் புதிதாக வந்த விருந்தாளியா? அதை எழுதி முடிக்காமல் யாரும் பென்சிலை எடுத்து வரையக் கூடாது. வந்தவருக்கு அது வாயால் சொல்லாமலே புரிய வேண்டும். இது தமிழ் ஆசிரியரின் பொறுப்பு. வாசலில் வைக்கும் பலகையில் பத்துச் சொல்லுக்குள் எழுதச் சொல்லியிருக்கிறார். பத்துச் சொல்லில் ஒருவரை வரவேற்று, அவர் யார் என்பதையும் உணர்த்துவது எவ்வளவு கடினம் என்று நீங்களும் வீட்டில் எழுதிப் பாருங்களேன்.

இரண்டாவது வாரம் வரைபடம். டிஸ்னிலேண்டுக்கும் முதலில் இருந்தது ஒரு படம்தான். 1953 செப்டம்பரில் ஹெர்ப் ரைமன் என்ற ஓவியர் வால்ட் டிஸ்னி பக்கத்தில் இருந்து விவரிக்க விவரிக்க, ஒரு வார இறுதிக்குள் முழுப் பூங்காவையும் மேலிருந்து பார்ப்பதுபோல வரைந்து கொடுத்தார். பணம் திரட்ட அந்தப் படத்தைத்தான் நியூயார்க்குக்கு எடுத்துப் போனார்கள்.

சரி, வரைபடத்தில் முதலில் எதைப் போட வேண்டும்? பிள்ளைகள் ராட்டினத்தில் தொடங்குவார்கள். நாங்கள் குடிநீர், கழிப்பறை, நிழல், சக்கர நாற்காலி போகும் பாதை, வழிதவறிய குழந்தையை அழைத்துப் போய் வைக்கும் இடம் ஆகியவற்றில் தொடங்கச் சொல்கிறோம். இவை ஐந்தும் இருந்தால்தான் ஆசிரியர் கையெழுத்துப் போடுவார், அதன் பிறகே சவாரி. இதற்கும் டிஸ்னிலேண்டிலேயே பாடம் இருக்கிறது. திறப்பு நாளான 1955 ஜூலை 17 அன்று கடும் வெயில். குழாய்ப் பணியாளர்களின் வேலைநிறுத்தத்தால் எல்லா வேலையையும் முடிக்க முடியவில்லை. கழிப்பறையா, குடிநீர்க் குழாயா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை வந்து, கழிப்பறையை முடித்தார்கள். போலிச் சீட்டோடு வேறு ஏராளமானோர் நுழைந்துவிட்டார்கள். புதிதாகப் போட்ட தார் இளகி, பெண்களின் செருப்புக் குதிகால் அதில் புதைந்தது. அத்தனை பெரிய கலைஞர்கள் கூடிக் கட்டிய இடத்தில், வந்தவருக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது ஒரு டம்ளர் தண்ணீர். நம் ஊர் வெயிலை அறிந்த பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

கணக்கு ஆசிரியர் கையில் எடுத்திருப்பது வரிசை. ஒரு படகில் 12 பேர் உட்காரலாம், 40 நொடிக்கு ஒரு படகு கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 90 படகு, 1,080 பேர். அன்றைக்கு 3,000 பேர் வந்திருந்தால் எல்லோரும் ஒரு முறை ஏறி இறங்கவே மூன்று மணி நேரம் போல ஆகிவிடும். முட்டிவலி உள்ள பாட்டிகள் ஏறுவதால் படகு ஒவ்வொன்றும் 20 நொடி கூடுதலாக நின்றால் மணிக்கு 60 படகுதான், 720 பேர்தான். என்ன செய்வது? பாட்டியை அவசரப்படுத்துவதா, ஏறுவதற்கு வேறு ஒரு படகுத்துறையை அமைப்பதா, படகைப் பெரிதாக்குவதா? பிள்ளைகள் கணக்குப் போட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். இந்தக் கணக்கைத் தேர்வுத்தாளில் கொடுத்தால் விடை மட்டும் வரும். இங்கே விடையோடு அந்தப் பாட்டியும் பிள்ளையின் மனதில் வந்து நிற்பார்.

மாதிரியின் அளவு 1:100. ஒரு மீட்டர் ஒரு சென்டிமீட்டராகும். டிஸ்னிலேண்டின் கோட்டை 77 அடி, ஏறக்குறைய 23 மீட்டர். நம் மாதிரியில் 23 சென்டிமீட்டர், 30 சென்டிமீட்டர் ஸ்கேலைவிடக் குட்டை. நேரில் பார்ப்பவர்களுக்கு அது இன்னும் உயரமாகத் தெரிகிறது. மேலே போகப் போகக் கல்லின் அளவைச் சிறிதாக்கிக்கொண்டே போனதால், கோபுரம் தூரத்தில் இருப்பதாகக் கண் நம்பிவிடுகிறது. ஓவிய ஆசிரியர் இதே உத்தியை அட்டையில் செய்து காட்டப் போகிறார். எல்லாக் குழுக்களும் ஒரு கட்டடத்திலாவது இதை முயன்று பார்க்க வேண்டும்.

எந்த மாதிரி இடத்தைக் கட்டுவது என்பதைக் குழுக்களின் விருப்பத்துக்கே விட்டிருக்கிறோம். முன்னுதாரணமாக இரண்டு இடங்களைக் காட்டப் போகிறோம். ஒன்று கலிஃபோர்னியாவில் 2012 ஜூனில் திறந்த கார்ஸ் லேண்ட். 2006-இல் வந்த 'கார்ஸ்' என்ற அனிமேஷன் படத்தின் பாலைவன ஊரை 12 ஏக்கரில் அப்படியே எழுப்பிவிட்டார்கள். பழைய கெடிலாக் கார்களின் பின்புறத்தில் துருத்திக்கொண்டு நிற்குமே இறக்கை, அந்த வடிவத்தில் செம்பாறைச் சிகரங்கள். அவற்றை ஒட்டி ஒரு கார்ப் பந்தயச் சவாரி. பொழுது சாயும்போது தெரு முழுக்க நியான் விளக்குகள் எரியத் தொடங்கும். எல்லாமே பிரம்மாண்டம்.

இன்னொன்று ஜப்பானின் ஐச்சி மாநிலத்தில் 2022 நவம்பரில் திறந்த ஜிப்லி பூங்கா. ஜிப்லி என்பது ஜப்பானின் அனிமேஷன் பட நிறுவனம். திறந்தபோது அங்கே பெரிய சவாரி ஒன்றுகூடக் கிடையாது. 2005-இல் உலகக் கண்காட்சி நடந்து, பிறகு பொதுப் பூங்காவாக ஆன இடத்தில், மரங்களுக்கு நடுவே அமைத்திருக்கிறார்கள். முன்பு நீச்சல் குளமாக இருந்த கட்டடத்தைத்தான் பெரிய காட்சிக்கூடமாக மாற்றினார்கள். 1988-இல் வந்த ஒரு படத்தில் அக்காளும் தங்கையும் குடியிருக்கும் கிராமத்து வீட்டை அந்தக் கண்காட்சியின்போதே கட்டியிருந்தார்கள். அந்த வீடும் இப்போது பூங்காவுக்குள் இருக்கிறது. உள்ளே போகிறவர்கள் அலமாரியையும் இழுப்பறையையும் திறந்து பார்க்கலாம். உள்ளே மடித்து வைத்த துணிகள் இருக்கும். அந்தக் குடும்பம் இப்போதுதான் வெளியே போயிருக்கிறது என்று தோன்றும்படி செய்திருக்கிறார்கள்.

என் மனம் இரண்டாவது பக்கம்தான் சாய்கிறது, மறைக்க மாட்டேன். ஓர் இழுப்பறைக்குள் என்ன வைக்கலாம் என்று யோசிக்கும் பிள்ளை, அந்த வீட்டில் வாழ்கிறவரைப் பற்றி யோசிக்கிறது. எவ்வளவு உயரம், எவ்வளவு வேகம் என்று மட்டும் யோசித்தால் அது வராது. ஆனால் ஆசிரியர்கள் பிள்ளைகளிடம் எந்தப் பக்கமும் தூக்கிப் பேச வேண்டாம் என்று கேட்டிருக்கிறேன். மலையைக் கட்ட ஆசைப்படும் குழு மலையையே கட்டட்டும்.

எல்லைகள்தான் பெரிய சிக்கல். பனி நாட்டுப் படத்தை எடுத்த குழுவுக்குப் பக்கத்திலேயே கடலுக்கடியில் நடக்கும் படத்தை எடுத்த குழு வரலாம். டிஸ்னிலேண்டில் ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது காலுக்குக் கீழே தரை மாறும், செடிகள் மாறும், காதில் விழும் இசை மாறும். பூங்காவைச் சுற்றி மண்மேடு எழுப்பியிருப்பதால் வெளியே இருக்கும் ஊரும் கண்ணில் படாது. நம் பிள்ளைகளும் அடுத்த குழுவோடு உட்கார்ந்து பேசி, நடுவில் என்ன வரும் என்று தீர்மானிக்க வேண்டும். பனி உருகி ஆறாகிக் கடலில் சேரலாம், வேறு எதுவும் தோன்றலாம். சண்டையும் வரும். அதைத் தீர்த்துவைக்க ஆசிரியர்கள் உடனே குறுக்கே போக மாட்டார்கள். வீட்டுக்கு வந்து புகார் சொன்னால், தயவுசெய்து பொறுமையாகக் கேளுங்கள், ஆனால் அடுத்த பிள்ளையின் வீட்டுக்குப் போன் செய்து பேச வேண்டாம்.

இனி உங்களிடம் கேட்க வேண்டியவை.

இதற்கு ஒரு ரூபாயும் வசூலிக்கவில்லை. யாரும் எதையும் வாங்கித் தரவும் வேண்டாம். பழைய அட்டைப்பெட்டி, செய்தித்தாள், ஐஸ் குச்சி, நூல், முக்கியமாகப் பழைய கல்யாணப் பத்திரிகைகள் போதும். பத்திரிகை அட்டையைப்போல மடிக்கவும் நிற்கவும் வசதியான பொருள் வேறு இல்லை. தெர்மாகோல் வேண்டாம். ஃபேன்சி ஸ்டோரில் ரெடிமேடாக விற்கும் மாதிரிகளை வாங்கி அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவோம். பிளேடு, கட்டர் வேலையெல்லாம் பள்ளியில் ஆசிரியர் முன்னால் மட்டுமே நடக்கும். வீட்டில் வரையும் வேலை மட்டும் இருக்கும்.

படம் பார்க்க வீட்டில் டிவி, ஓடிடி சந்தா எதுவும் தேவையில்லை. வேண்டிய பகுதிகளை வெள்ளிக்கிழமை மதியம் பள்ளியிலேயே போட்டுக் காட்டுகிறோம். போனில் ஏஐ செயலியிடம் கேட்டு வரைந்த படத்தை ஏற்க மாட்டோம். கோணலாக இருந்தாலும் பிள்ளையின் கைக்கோடுதான் வேண்டும். அந்தக் கோட்டை நீங்கள் திருத்திக் கொடுக்கவும் வேண்டாம். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். உதவ ஆசையாக இருந்தால் கேள்வி கேளுங்கள்: "மழை வந்தா எங்கடா ஒதுங்குவாங்க?" இப்படி ஒரு கேள்வி போதும், பிள்ளை மறுபடி காகிதத்தை எடுத்துக்கொள்ளும்.

அப்புறம், உங்கள் தொழிலறிவு எங்களுக்கு வேண்டும். மேஸ்திரி, தச்சர், எலக்ட்ரீஷியன், தையல் வேலை செய்பவர், பஸ் கண்டக்டர், ஓட்டல் நடத்துபவர் என்று நம் பெற்றோரில் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். கூட்டத்தை எப்படிச் சமாளிப்பது என்று கண்டக்டருக்குத் தெரிந்த அளவு எங்களுக்குத் தெரியாது. சக்கர நாற்காலிக்கான சாய்தளத்துக்கு ஓர் அடி உயரத்துக்குக் குறைந்தது 12 அடி நீளம் விட வேண்டும் என்று புத்தகத்தில் படிப்பதைவிட, அதைக் கட்டியவர் வந்து சொன்னால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். மூன்றாவது வாரத்தில் ஒரு மதியம், அரை மணி நேரம் வந்து பேசினால் போதும். மேடைப்பேச்சு தேவையில்லை, வகுப்பில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசலாம்.

கதாபாத்திரங்களின் உரிமை அந்தந்த நிறுவனங்களுக்கு உரியது. இது வகுப்பறைப் பயிற்சி என்பதால் மாதிரிகளையோ படங்களையோ யாரும் விற்கக் கூடாது. பிள்ளைகளின் முகம் தெரியும் புகைப்படங்களைச் சமூக வலைத்தளங்களில் போடுவதையும் தவிருங்கள்.

ஆறாவது வாரச் சனிக்கிழமை காலை முழுப் பூங்காவையும் பள்ளி அரங்கில் தரையில் விரித்து வைப்போம். வீட்டுப் பெரியவர்களையும் அழைத்து வாருங்கள், நாற்காலி போட்டு வைக்கிறோம். வாசலில் ஆளுக்கு ஒரு சிறு சீட்டு தருவார்கள். எந்த இடத்தில் வழி புரியவில்லை, எங்கே உட்கார இடம் தேடினீர்கள் என்பதை அதில் எழுதிக் கொடுங்கள். நன்றாக இருக்கிறது என்று மட்டும் எழுதிவிட்டுப் போக வேண்டாம். அந்தச் சீட்டுகளைப் படித்துத்தான் திங்கட்கிழமை குழுக்கள் தங்கள் வரைபடத்தைத் திருத்தப் போகிறார்கள்.

வகுப்பில் வந்து பேச விரும்புகிறவர்கள் பிள்ளையின் டைரியில் உங்கள் தொழிலையும் வசதியான கிழமையையும் எழுதி, இந்த வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியருக்குக் கிடைக்கும்படி அனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்