மூலையில் நிற்பவர்களைப் பற்றியும் எழுதுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

குத்துச்சண்டை வீரர் முகமது அலியைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வியட்நாம் போருக்குப் போக மறுத்து உலக சாம்பியன் பட்டத்தையும் மூன்றரை ஆண்டுகளையும் இழந்தது, 1974-இல் கின்ஷாசாவில் கயிற்றில் சாய்ந்து அடிவாங்கியே ஜார்ஜ் ஃபோர்மனைக் களைக்கவைத்து எட்டாவது சுற்றில் வீழ்த்தியது எல்லாம் நன்றாக வந்திருக்கிறது. ஆனால் கட்டுரை முழுக்க விடாமுயற்சி என்ற ஒரே பாடம்தான். அலியின் வாழ்க்கையில் இன்னொரு பாடமும் உண்டு: மேடையின் மூலையில் வீரருக்குத் துணையாக நிற்பவர்கள், வேண்டிய நேரத்தில் ‘போதும்’ என்று சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியன் நான். பெற்றோருக்கும் பயிற்சியாளர்களுக்கும் அதுதான் முதலில் தேவை என்று நினைக்கிறேன்.

1975 அக்டோபர் 1, மணிலா. அலிக்கும் ஜோ ஃபிரேசியருக்கும் மூன்றாவது சண்டை. அந்தப் புழுக்கத்தில் பதினான்கு சுற்று முடிந்துவிட்டது. ஃபிரேசியருக்கு இடது கண் பார்வை ஏற்கெனவே மோசம். வலது கண்ணும் வீங்கி மூடிக்கொள்ள, அலியின் வலது கைக் குத்து வருவதே தெரியவில்லை. மிச்சம் ஒரே சுற்று, மூன்றே நிமிடம். எதிர் மூலையில் அலியும் துவண்டுபோய்த்தான் இருந்தார். ஆனாலும் ஃபிரேசியரின் பயிற்சியாளர் எட்டி ஃபட்ச் அவரை எழ விடவில்லை. போதும், சண்டை முடிந்தது என்றார். ஃபிரேசியர் மன்றாடிப் பார்த்தார், ஃபட்ச் அசையவில்லை. குத்துச்சண்டை மேடையில் உயிர் போவதை முன்பே பார்த்தவர் அவர். உலகப் பட்டம் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருக்கும்போது வேண்டாம் என்று சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

அலிக்கும் அப்படி ஒருவர் இருந்தார், அவருடைய டாக்டர் ஃபெர்டி பச்சேகோ. 1977-இல் எர்னி ஷேவர்ஸுடன் நடந்த சண்டைக்குப் பிறகு, சிறுநீரகம் பழுதாவதைக் காட்டும் பரிசோதனை முடிவுகளை அலிக்கும் அவருடைய மனைவிக்கும் மேலாளருக்கும் அனுப்பினார். ஒருவரிடமிருந்தும் பதில் வரவில்லை. பச்சேகோ விலகிக்கொண்டார். அப்புறமும் சண்டைகள் தொடர்ந்தன. 1980 தொடக்கத்தில் அலி சென்னை நேரு ஸ்டேடியத்தில் காட்சிச் சண்டை போட வந்ததை எங்கள் வயதுக்காரர்கள் இன்றும் பேசுவார்கள். அதே ஆண்டு அக்டோபரில், 38 வயதில், லாரி ஹோம்ஸிடம் அவர் வாங்கிய அடியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஹோம்ஸ் ஒரு காலத்தில் அலிக்குப் பயிற்சித் துணையாக இருந்தவர். பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ சண்டையை நிறுத்துவதற்குள் பத்து சுற்று போய்விட்டது. சரி, அதோடாவது விட்டார்களா என்றால் இல்லை. 1981 டிசம்பரில் பஹாமாஸில் இன்னொரு சண்டை, இன்னொரு தோல்வி. 1984-இல் பார்க்கின்சன் நோய் என்று தெரியவந்தது. குத்துகள்தான் காரணமா என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அந்தக் கடைசிச் சண்டைகள் தேவையே இல்லாதவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இது ஏதோ அமெரிக்காவின் பழங்கதை இல்லை. மாவட்டப் போட்டிகளில் இன்றும் பார்க்கலாம். கணுக்கால் வீங்கிய பெண்ணுக்கு ஸ்பிரே அடித்து, “இந்த ஒரு ஓட்டம்தானே கண்ணு” என்று தகப்பனார் அனுப்பிவைக்கிறார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கோட்டில் போய் நிற்கிறாள். அந்தத் தகப்பனாரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு காலேஜ் சீட் கிடைத்தால் குடும்பமே நிமிரும். ஆனால் பக்கத்தில் நிற்கும் பயிற்சியாளர் வாய் திறக்க வேண்டாமா? ஃபட்சுக்கு மட்டும் பட்டத்தின் அருமை தெரியாதா?

அலியைப் பற்றி அடுத்த முறை எழுதும்போது ஃபட்சுக்கும் பச்சேகோவுக்கும் அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள். போட்டி நடத்துபவர்களிடமும் ஒரு வேண்டுகோள்: பள்ளிக்கோ பயிற்சியாளருக்கோ கட்டுப்படாத ஒரு டாக்டர் மைதானத்தில் இருக்க வேண்டும். இன்று இந்தப் பிள்ளை ஓடக் கூடாது என்று அவர் சொன்னால், அதை மாற்ற யாருக்கும் அதிகாரம் இருக்கக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருவொற்றியூர்.