பயிற்சியாளர் டெய்ட்டுரைப் பற்றியும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐஸ்லாந்தின் கூடைப்பந்து அணி பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நான்கு லட்சம் பேர்கூட இல்லாத அந்தத் தீவு நாடு 2015, 2017, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளில் ஐரோப்பியச் சாம்பியன்ஷிப்புக்குத் தகுதி பெற்றதையும், அங்கு ஆடிய பதினைந்து ஆட்டங்களிலும் தோற்றதையும் ஒளிக்காமல் எழுதியிருந்தது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் கட்டுரையில் பெயர் சொல்லப்பட்டவர்கள் எல்லோரும் வெளிநாட்டு அணிகளில் ஆடியவர்களாகவோ, வெளிநாட்டிலிருந்து வந்த பயிற்சியாளராகவோதான் இருந்தார்கள். பெரும்பாலும் உள்ளூரிலேயே ஆடி, உள்ளூரிலேயே மற்றவர்களை ஆட வைத்த டெய்ட்டுர் ஓர்லிக்ஸன் பற்றி ஒரு வரிகூட இல்லை. முப்பது ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் அந்தக் குறையைச் சுட்டிக்காட்டவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஓர்லிக்ஸன் என்பது குடும்பப் பெயர் அன்று. ஓர்லிகுர் என்பவரின் மகன் என்றே பொருள். நம்மைப் போலவே அவர்களும் தந்தை பெயரைச் சேர்த்துக்கொண்டு, ஆளை அவரவர் சொந்தப் பெயரால்தான் அழைப்பார்கள். ஆகவே நானும் டெய்ட்டுர் என்றே எழுதுகிறேன்.

அவர் 1967 ஜனவரியில் பிறந்தவர். அவருடைய ஊரான நியார்த்விக், கெப்லாவிக் விமான நிலையத்தை ஒட்டியது. அமெரிக்கப் படைத்தளம் 2006 வரை அங்கேதான் இருந்தது. 1952இல் நடந்த முதல் தேசியச் சாம்பியன்ஷிப்பை வென்றதே அந்த விமான நிலையத்தின் பெயரைத் தாங்கிய ஒரு சங்கம்தான். பிற்பாடு அது நியார்த்விக் கிளப்போடு இணைந்துவிட்டது. மீன்பிடித் தொழிலை நம்பிய அந்த வட்டாரத்தில் கூடைப்பந்து இவ்வளவு ஆழமாக வேரூன்றியதற்கு இந்தப் பின்னணியை விட்டுவிட்டுக் காரணம் சொல்ல முடியாது. நியார்த்விக் அணி 2024 வரை ஆடிவந்த சிறிய உள்ளரங்கத்துக்கு ரசிகர்கள் இட்ட பெயர் 'சிங்கக்குழி'. எதிரணிக்காரர்கள் அதற்குள் இறங்கித்தான் ஆட வேண்டியிருந்தது.

அந்தக் குழியில் வளர்ந்த டெய்ட்டுர் 1984இல், பதினேழு வயதில், முதல் தேசியப் பட்டத்தை வென்றார். அடுத்த மூன்று ஆண்டுகளிலும் பட்டம் நியார்த்விக்குக்கே கிடைத்தது. பின்னர் 1991, 1994, 1995, 1998, 2001, 2002 என மொத்தம் பத்துப் பட்டங்கள். கடைசிப் பட்டத்தின்போது அவருக்கு வயது 35. லீகின் சிறந்த ஆட்டக்காரராக நான்கு முறை தேர்ந்தெடுக்கப்பட்டார். தேசிய அணிக்காக நூறு ஆட்டங்களுக்கு மேல் ஆடினார். இடையில் 1996-97இல் கிரேக்க நாட்டின் லாரிஸா அணிக்காக ஒரு பருவம் ஆடிவிட்டு ஊர் திரும்பினார். ஐஸ்லாந்திலிருந்து முதன்முதலாக அமெரிக்காவின் தொழில்முறை லீகான என்.பி.ஏ.வுக்குச் சென்ற பியெத்துர் குத்முந்த்ஸனைப் பற்றித் தாங்கள் விரிவாக எழுதியது நியாயமே. ஆயினும் ஒரே ஊர்ச் சட்டையில் பத்துப் பட்டம் வென்றவரும் அவருக்குப் பக்கத்தில் வைத்துப் பேசப்பட வேண்டியவர் என்பது என் உறுதியான எண்ணம்.

இருந்தாலும், அந்தப் பத்துப் பட்டங்களைவிட அவர் பயிற்சியாளராக வென்ற ஒரு கோப்பையைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். 2007-08 பருவத்தில் சொந்த ஊர் அணிக்கே பயிற்சியாளராக இருந்து, கோப்பை எதுவும் கிட்டாமல் அவர் வெளியேறினார். பெரிய ஆட்டக்காரர் நல்ல பயிற்சியாளர் ஆவதில்லை என்று ஊரில் சிலர் அப்போதே முடிவு கட்டியிருப்பார்கள். எந்த ஊரிலும் அப்படிச் சொல்ல ஆள் உண்டு. 2008 டிசம்பரில், பருவம் பாதி ஓடிவிட்ட நிலையில், தலைநகர் ரெய்க்யாவிக்கை அடுத்த கார்தபைர் நகரின் ஸ்டியார்னன் அணி அவரை அழைத்தது. கூடைப்பந்தில் அதுவரை ஒரு பெரிய கோப்பையைக்கூடத் தொட்டிராத அணி அது.

அந்தக் காலச் சூழலையும் சொல்ல வேண்டும். 2008 அக்டோபரில் ஐஸ்லாந்தின் மூன்று பெரிய வங்கிகளும் அடுத்தடுத்து விழுந்தன. நாட்டின் நாணயமான குரோனாவின் மதிப்பு சரிந்ததால் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்க முடியாமல் பல கிளப்புகள் அவர்களைத் திருப்பி அனுப்பின. உள்ளூர் ஆட்டக்காரர்களின் பலமே அணியின் பலம் என்றாகிவிட்ட அந்தப் பருவத்தில், ஐரோப்பாவின் பெரிய லீகுகளில் ஆடிவிட்டு வந்த யோன் ஆர்னோர் ஸ்டெஃபான்ஸனும், தேசிய அணியின் யாகோப் சிகுர்தர்ஸனும் தலைநகரின் கே.ஆர். அணியில் சேர்ந்தே இருந்தார்கள். 2009 பிப்ரவரியில், லீகிலிருந்து தனியாக நடக்கும் தேசியக் கோப்பைப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் அந்த கே.ஆர். அணியைத்தான் டெய்ட்டுரின் ஸ்டியார்னன் வீழ்த்தியது. அதே கே.ஆர். சில வாரங்களில் லீக் பட்டத்தை வென்றது என்பதை நினைத்துப் பார்த்தால், வீழ்த்தப்பட்டது எவ்வளவு பலமான அணி என்பது விளங்கும்.

இரண்டு மாதத்தில் ஒருவருக்குப் புதிதாகக் கூடையில் எறியக் கற்றுத்தர முடியாது என்பது பயிற்சி கொடுத்த எவருக்கும் தெரியும். யார் எறிய வேண்டும், யார் பந்தை வாங்கியதும் அடுத்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும், எதிரணியின் சிறந்த ஆட்டக்காரரை யார் நிழல்போல் தொடர வேண்டும் என்பதைத் தெளிவாகப் பிரித்துக் கொடுக்கலாம்; அதை ஆட்டக்காரர்கள் நம்பும்படி செய்யலாம். கையிலே வித்தை உள்ளவருக்கு இதுதான் மிகவும் கடினம். தான் இறங்கி ஐந்து நிமிடத்தில் முடிக்கக்கூடியதை, கோட்டுக்கு வெளியே நின்றபடி இன்னொருவர் தட்டுத் தடுமாறிச் செய்வதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2013இல் மறுபடியும் கோப்பை கிடைத்தது. லீக் இறுதித் தொடரில் 2011இல் கே.ஆரிடமும் 2013இல் கிரிந்தாவிக்கிடமும் தோற்றார்கள். பயிற்சியாளராக அந்தப் பட்டம் அவருக்குக் கைகூடவில்லை. 2014இல் விடைபெற்று நியார்த்விக் திரும்பியவர், அங்கே தலைமைப் பயிற்சியாளராக அல்ல, ஃபிரித்ரிக் இங்கி ரூனர்ஸனுக்குத் துணைப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார். பத்துப் பட்டம் வென்று கொடுத்த அதே ஊரில் இரண்டாவது நாற்காலியில் உட்கார மனம் ஒப்பியதே, அதை நான் அவருடைய வெற்றிகளோடு சேர்த்துத்தான் எண்ணுகிறேன்.

ஸ்டியார்னன் தன் முதல் லீக் பட்டத்தை 2025இல்தான் வென்றது. பயிற்சியாளர் பால்துர் தோர் ரக்னர்ஸன். தங்கள் கட்டுரை அந்த வெற்றியைக் குறிப்பிட்டு, ஸ்டியார்னனைத் 'திடீரென முளைத்த அணி' என்று எழுதியிருந்தது. 2009 முதல் 2022 வரை அந்த அணி ஆறு முறை கோப்பையை வென்றிருக்கிறது என்பதையும், அவற்றில் முதல் இரண்டும் டெய்ட்டுரின் காலத்தவை என்பதையும் அடுத்த இதழில் ஒரு திருத்தமாகவாவது வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர்,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
திண்டுக்கல்.